மேட்டுக்குள்ள கை விட்டா சூடா இருக்கும்

எனக்கு ஒம்பது வயசு இருக்கும்போது ஒரு மண்மேட்டுக்குள்ள தோள்பட்டை வரைக்கும் கைய விட்டிருக்கேன். பீச்சுலேருந்து கொஞ்சம் உள்ள தள்ளி, காடு ஆரம்பிக்கிற எடத்துல, மணலும் பவளத்துண்டும் மக்கிப்போன இலையும் குச்சியுமா என் நெஞ்சு உசரத்துக்கு குவிஞ்சு கெடந்துச்சு. பார்த்தா யாரோ தோட்டத்துக் குப்பையக் கூட்டித் தள்ளி வெச்ச மாதிரிதான் இருந்துச்சு. பக்கத்துல நின்ன கேப்டன் அங்கிள் "விடு, பயப்படாத, பாம்பு இல்ல"ன்னு ஹிந்தியில சொன்னாரு. முழங்கை வரைக்கும் சில்லுனுதான் இருந்துச்சு, அப்புறம் கதகதன்னு, இன்னும் உள்ள போகப்போக காய்ச்சல்காரன் நெத்தியத் தொட்ட மாதிரி ஒரு சூடு. நான் பயந்து கைய வெளிய இழுத்துட்டேன். தாத்தா தன் கைய விட்டுப் பார்த்துட்டு ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல. "அட, நம்ம எருக்குழிடா இது"ன்னாரு. வேலூர் பக்கம் மாடும் எருக்குழியும் வெச்சுப் பொழச்ச மனுஷன், அவருக்கு சட்டுனு புரிஞ்சுபோச்சு.

அது ஒரு பறவை கட்டின மேடு. நாங்க செட்லர் வீட்டுப் பசங்க அத காட்டுக்கோழின்னுதான் சொல்லுவோம், புத்தகத்துல நிக்கோபார் மெகாபோட்னு போட்டிருக்கும். நாட்டுக்கோழி சைஸ்ல பழுப்பா, மூஞ்சில செவப்புத் தோலோட, உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய பெரிய காலோட இருக்கும். அந்தக் கால வெச்சு மண்ணையும் இலையையும் பின்னாடி தள்ளித் தள்ளி மேடு கட்டும், இலை மக்கும், மக்குறப்போ சூடு வரும், அந்தச் சூட்டுலயே முட்டை பொரியும். அடைகாக்குறதுன்னு ஒண்ணு கெடையாது. சில நாளுக்கு ஒண்ணுன்னு முட்டைய உள்ள புதைச்சு வெச்சிட்டுப் போயிடும், முட்டை நம்ம கோழி முட்டை மாதிரி ரெண்டு மடங்கு இருக்கும், ரெண்டு மாசத்துக்கும் மேல உள்ளயே கெடக்கும். குஞ்சு பொரிஞ்சதும் அம்மாவும் வராது அப்பாவும் வராது, அதுவே மண்ணக் கிளறி மேல வந்து, எறகோட பொறந்ததால கொஞ்ச நேரத்துலயே காட்டுக்குள்ள ஓடிடும். ஒரே மேட்ட வருஷக்கணக்கா திரும்பத் திரும்ப மண்ணு போட்டு இலை போட்டு வெச்சிருக்கும், பல ஜோடிங்க ஒரே மேட்டுல முட்டை வைக்கிறதும் உண்டு. அன்னிக்கு கேப்டன் அங்கிள் ஒரே ஒரு முட்டைய எடுத்தாரு, தோண்டின எடத்த இலை போட்டு மண்ணு போட்டு அழுத்தி மூடினாரு. "மூடலன்னா சூடு போயிடும், மத்தது செத்துடும்." அவ்ளோதான் சொன்னாரு.

இது கிரேட் நிக்கோபார்ல. நான் பொறந்து வளர்ந்த ஊர் கேம்ப்பெல் பே. மேப்ல இந்தியாவோட தென்கோடின்னு கன்னியாகுமரியத் தொட்டுக் காட்டுவாங்க, அது மெயின்லேண்டோட கோடி. நாட்டோட தென்கோடி எங்க தீவுல இருக்குற இந்திரா பாயிண்ட். அங்கேருந்து சுமத்ரா 150 கிலோமீட்டர்தான், சென்னைக்குப் போகணும்னா மொதல்ல கப்பல்ல ரெண்டு ராத்திரி போர்ட் பிளேர் வரைக்கும், அங்கேருந்து இன்னொரு கப்பல்ல மூணு நாள். தீவு 900 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, அதுல பெரும்பங்கு காடு. ரெண்டு மான்சூனும் கொட்டுறதால வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல மழை. துணி காயாது, புத்தகம் பூசணம் பிடிக்கும், உப்பு ஜாடிக்குள்ள தண்ணியாப் போகும், அப்படி ஒரு ஈரம்.

தாத்தா ஆர்மியில ரிடையர் ஆனவரு. 1969-லேருந்து 1980 வரைக்கும் முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்கள கவர்ன்மென்ட் கிரேட் நிக்கோபார்ல குடியேத்துச்சு, மொத்தம் சுமார் 330 குடும்பம். பஞ்சாப், மகாராஷ்டிரா, கேரளா, ஆந்திரா, தமிழ்நாடுன்னு எல்லா எடத்துலேருந்தும் வந்தாங்க. கிழக்குக் கரையில காட்ட வெட்டி ஊரு போட்டு, கோவிந்த நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர்னு பேர் வெச்சாங்க. ஒரே தெருவுல சர்தார்ஜி வீடு, மராத்தி வீடு, நம்ம வீடு, எல்லாருக்கும் பொதுவா ஹிந்தி. பாட்டி கடைசி வரைக்கும் ஹிந்தி தட்டுத்தடுமாறித்தான் பேசுவாங்க, ஆனா பக்கத்து வீட்டு பஞ்சாபி பாட்டிகிட்ட தமிழ்லயே பேசுவாங்க, அந்தம்மா பஞ்சாபியில பதில் சொல்லும், ரெண்டு பேருக்கும் எல்லாமே புரியும்.

தாத்தா வரும்போது ஆபீசருங்க சொன்ன வார்த்தைய எங்க வீட்ல அடிக்கடி சொல்லுவாங்க. "காலியா கெடக்குற தீவு. உழைக்கத் தெம்பிருந்தா பூமி உங்களது." எங்க குடும்பம் அந்த வார்த்தைய நம்பித்தான் கப்பல் ஏறுச்சு. சொந்த ஊர்ல அரை ஏக்கர் மானாவாரிக்கு அண்ணன் தம்பி நாலு பேர் அடிச்சுக்கிட்டு இருந்த எடத்துலேருந்து வந்தவருக்கு இது எவ்ளோ பெரிய வார்த்தைன்னு எனக்குப் புரியுது. அவர நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா காலியா கெடந்துச்சான்னு கேட்டா, இல்ல. ஒருநாளும் இல்ல. இந்தக் கட்டுரைய நான் எழுத உக்காந்ததே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

நம்ம ஆளுங்களுக்கே இந்தத் தீவ ஆயிரம் வருஷமாத் தெரியும். ராஜேந்திர சோழனோட மெய்க்கீர்த்தியில கடாரம் போற வழியில பிடிச்ச எடங்கள வரிசையாச் சொல்லிட்டு வரும்போது "தேனக்க வார்பொழில் மாநக்க வாரமும்"னு ஒரு வரி வரும். மாநக்கவாரம்தான் நிக்கோபார். நக்கம்னா அம்மணம், துணி உடுத்தாத ஜனங்க இருந்த ஊருங்கிறதால அந்தப் பேருன்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அந்த வரியில பிடிச்சது முன்பாதி. தேன் சொட்டுற நீண்ட சோலையாம். கல்வெட்டு எழுதினவரு தீவப் பார்த்தாரோ, பார்த்த மாலுமி சொல்லிக் கேட்டாரோ, ஆனா காலி எடம்னு எழுதல. எனக்கு அந்த வரிய காலேஜ்ல மொதமொத படிச்சப்போ கேம்ப்பெல் பே பஜார்தான் ஞாபகம் வந்துச்சு. சின்ன வயசுல எப்பவாச்சும் எங்க தீவுப் பழங்குடிங்களான ஷோம்பென் ஆளுங்க ரெண்டு மூணு பேர் காட்டுலேருந்து வருவாங்க, தேனும் எலுமிச்சம்பழமும் கொண்டு வந்து அரிசிக்கும் துணிக்கும் மாத்திக்கிட்டுப் போவாங்க. பாட்டி ஒரு தடவ வாங்கின தேன் கருப்பா, கொஞ்சம் புளிப்போட, புகை வாசனையா இருந்துச்சு. ஆயிரம் வருஷமா அதே சோலை, அதே தேன்.

ஷோம்பென் பத்தி நான் ரொம்ப எழுதப் போறதில்ல, எனக்கு அந்த உரிமை இருக்குன்னு நான் நெனைக்கல. தீவோட நடுக்காட்டுல, ஆத்தோரமா, சின்னச் சின்னக் கூட்டமா இருக்குறவங்க. 2011 சென்சஸ்ல 229 பேர்னு கணக்கு. பன்னி வளர்ப்பாங்க, வேட்டையாடுவாங்க, முக்கியமான சாப்பாடு ஒரு வகைத் தாழம்பழம். நம்ம ஊர் தாழம்பூ ஞாபகத்துல இத நெனைக்காதீங்க, இங்க பழம் பலாப்பழம் சைஸுக்கு இருக்கும். கரையோரத்துல வாழுற இன்னொரு பழங்குடியான நிக்கோபாரி ஜனங்களுக்கும் அது உயிர். கேப்டன் அங்கிள் வீட்ல ஆன்ட்டி அத பெரிய பானையில வேக வெச்சு, ஒவ்வொரு சுளையா பிரிச்சு, கிளிஞ்சல் ஓட்டால வழிச்சு வழிச்சு சதைய எடுத்து, அதுல இருக்குற நார எல்லாம் பொறுமையா பிரிச்சுத் தள்ளி, கடைசியில மஞ்சளா ஒரு உருண்டை பிடிச்சு வாழை இலையில வெச்சுக் குடுப்பாங்க. பலாச்சுளையும் சக்கரவள்ளிக்கிழங்கும் சேர்த்துப் பெசஞ்ச மாதிரி எனக்குத் தோணும். நாள் பூரா வேலை அது. எங்க வீட்ல ரேஷன் அரிசி கப்பல்ல வரலன்னா பாட்டிக்குக் கை ஒடிஞ்ச மாதிரி ஆயிடும், அவங்க வீட்ல கப்பல் வந்தா என்ன வரலன்னா என்ன, காடு இருக்கு.

கேப்டன்னா கப்பல் கேப்டன் இல்ல. நிக்கோபாரி கிராமங்கள்ல ஊர்த்தலைவருக்கு கேப்டன்னு பேரு, அந்தக் காலத்துல கரைக்கு வந்த வெள்ளைக்காரக் கப்பல்காரங்களோட பேசிப் பேசி ஒட்டிக்கிட்ட பட்டம். எங்க கேப்டன் அங்கிள் மேற்குக் கரைக்காரரு. ஹோடியில, அதாவது அவங்க பக்கத்துக்கட்டை வெச்ச வள்ளத்துல, தேங்காய், பாக்கு ஏத்திக்கிட்டு வந்து எங்க பக்கம் வித்துட்டுப் போறவரு. தாத்தாவுக்கும் அவருக்கும் எப்படி அப்படி ஒரு சிநேகம் வந்துச்சுன்னு வீட்ல யாருக்கும் தெரியாது. ரெண்டு பேரும் உக்காந்தா பேசவே மாட்டாங்க, பீடி பத்த வெச்சுக்கிட்டு கடலப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க.

நம்ம பக்கம் இன்னொரு ஒட்டு இருக்கு, அத நான் தரங்கம்பாடிக்குப் போனப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன். வேலை விஷயமா மாயவரம் போயிட்டு, டேன்ஸ்போர்க் கோட்டையப் பார்க்கலாம்னு போனா, இந்தக் கோட்டையிலேருந்துதான் நிக்கோபார ஆண்டிருக்காங்க! டேனிஷ்காரங்க 1755 கடைசியில வந்து, 1756 ஜனவரி ஒண்ணாம் தேதி தீவுக்கூட்டத்தையே டென்மார்க் ராஜாவோட சொத்துன்னு அறிவிச்சு, புது டென்மார்க்னு பேர் வெச்சு, நிர்வாகத்த தரங்கம்பாடி கைல குடுத்தாங்க. யாரக் கேட்டு அறிவிச்சாங்க, யாரும் யாரையும் கேக்கல. அவங்க மொத குடியேற்றமே கிரேட் நிக்கோபார்லதான். மலேரியாவுல கொத்துக்கொத்தா செத்து, கொஞ்ச வருஷத்துல விட்டுட்டு ஓடி, அப்புறம் கமோர்ட்டா தீவு பக்கம் வந்து, அங்கேயும் செத்து, திரும்ப வந்து, திரும்ப ஓடி, 1848-ல ஒரேடியா கைவிட்டாங்க. நடுவுல 1768-லேருந்து 1787 வரைக்கும் மொரேவியன் சபை மிஷனரிங்க நான்கவ்ரி தீவுல உக்காந்து பார்த்தாங்க. இருபது பேருக்கு மேல, அங்கயே இல்லன்னா தரங்கம்பாடிக்குத் திரும்பி வந்த கையோட செத்துப்போனாங்க. 1868-ல டென்மார்க் எல்லாத்தையும் பிரிட்டிஷ்காரங்களுக்கு வித்துடுச்சு.

அந்தக் கடைசி முயற்சிகள்ல ஒண்ணுதான் கலாத்தியாங்கிற கப்பல். 1845-ல கோபன்ஹேகன்லேருந்து கிளம்புச்சு, ஸ்டீன் பில்லேங்கிறவரு தலைமை, தரங்கம்பாடி வழியாத்தான் வந்துச்சு, தரங்கம்பாடிய பிரிட்டிஷ்காரங்களுக்கு வித்த வருஷமும் அதே 1845-தான். 1846-ல நிக்கோபார் வந்து இந்தத் தீவுங்க இன்னும் நமக்கு ஆகுமான்னு சுத்திப் பார்த்தாங்க. அவங்க கப்பல் பேருதான் எங்க தீவுல தெக்கால ஓடுற கலாத்தியா ஆத்துக்கும், அது கடல்ல கலக்குற விரிகுடாவுக்கும். ஷோம்பென் மக்களப் பார்த்து எழுதி வெச்ச மொத வெளியாளுங்களும் இவங்கதான். இன்னும் ரெண்டு ஆறு அலெக்ஸாண்ட்ரா, டாக்மார்னு ஓடுது, ரெண்டும் டேனிஷ் ராஜகுமாரிங்களுக்கு இருந்த பேரு. கோட்டை மாடத்துல நின்னு கடலப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. கெழக்கால, கொஞ்சம் தெக்கே தள்ளி, கடலுக்கு அந்தப்பக்கம், எங்க வீடு.

ஆனா அந்த ஆத்துக்கு அதுக்கு முன்னாடி பேரு இல்லாமலா இருந்திருக்கும்? கேப்டன் அங்கிள் பேசும்போது கரையோரத்துல ஒவ்வொரு மூலைக்கும் பேர் சொல்லுவாரு. சிங்கென், கோக்கியோன், பூலோ பாபி. பூலோன்னா மலாய்ல தீவு, பாபின்னா பன்னி. மலாய்க்காரங்களும் வந்து போயிருக்காங்க, பேர் விட்டுட்டுப் போயிருக்காங்க. ஏழாம் நூத்தாண்டுல சுமத்ராவுலேருந்து இந்தியா வந்த சீனத் துறவி யிஜிங், வழியில இந்தத் தீவுக்காரங்க வள்ளத்துல தேங்காயும் வாழைப்பழமும் ஏத்திக்கிட்டு வந்து கப்பலச் சுத்திக்கிட்டதையும், பதிலுக்கு அவங்க ஆசையாக் கேட்டது இரும்பு மட்டும்தான்னும் எழுதி வெச்சிருக்காரு. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி வியாபாரத்துக்கு வள்ளம் எறக்கின ஜனங்க இருந்த எடத்தத்தான் எங்க தாத்தாகிட்ட காலின்னு சொன்னாங்க.

காட்டப் பத்தி சொல்லணும். அந்தமான் காடு வேற, எங்க காடு வேற. நடுவுல பத்து டிகிரி கால்வாய், 150 கிலோமீட்டர் அகலம், நல்ல ஆழம். அந்தமான்ல வானத்த முட்டி நிக்கிற குர்ஜன் மரம் நிக்கோபார்ல கெடையாது. எங்க ஜீவனுங்க பாதிக்கு சொந்தக்காரங்க இந்தியாவுலயே இல்ல, சுமத்ரா பக்கம் இருக்காங்க. அணில் மாதிரி மூஞ்சி நீண்ட ஒரு பிராணி மரத்துல ஓடும், அணில் இல்ல, மரமூஞ்சூறு. நண்டு தின்னுற நீளவால் குரங்கு. உலகத்துலயே சின்னக் கழுகு இனங்கள்ல ஒண்ணு எங்க தீவுல மட்டும் இருக்கு. மெகாபோட் கதை இன்னும் அதிசயம், அதோட குடும்பமே ஆஸ்திரேலியா, நியூ கினி, பிலிப்பைன்ஸ் பக்கம், அங்கேருந்து இவ்ளோ தூரம் தள்ளி இது மட்டும் இங்க எப்படி ஒதுங்குச்சோ. யானை இல்ல, புலி இல்ல, அதனால டிவிக்காரங்களுக்கு இது பெருசாத் தெரியாது. உள்ள போனா மொத ரெண்டு நிமிஷம் ஒண்ணுமே தெரியாது, பச்சை இருட்டு, தலைக்கு மேல எங்கயோ வெயில், கால் கீழ எல்லாமே அழுகுற வாசனை. கொஞ்சம் நின்னா ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிக்கும். ஆளு உசரத்துக்கு மேல மரமா வளந்த பெரணிச்செடி, அதுல தொங்குற தண்ணி, அட்டை.

ஆமைய ஒரே ஒரு தடவதான் நேர்ல பார்த்தேன். ஸ்கூல்லேருந்து கலாத்தியா விரிகுடாவுக்கு, கேம்ப்பெல் பேலேருந்து 41-ஆவது கிலோமீட்டர், ஆமை கேம்ப்புக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டார்ச் அடிக்கக் கூடாது, பேசக் கூடாது. நிலா வெளிச்சத்துல கடல்லேருந்து ஒரு கருப்புப் பாறை நகர்ந்து வந்துச்சு. ஏழுவரி ஆமை, உலகத்துலயே பெரிய ஆமை, ஓடு கெடையாது, தோல் மாதிரி முதுகு, அதுல நீளவாக்குல ஏழு வரம்பு. மூச்சு விடுறது மாடு பெருமூச்சு விடுற மாதிரி கேட்டுச்சு. பின்னங்காலால, கண்ணால பார்க்காமலே, குழி தோண்டுச்சு, ஒரு காலு மண்ண அள்ளி அந்தப்பக்கம் வைக்கும், இன்னொரு காலு அந்தக் குழிக்குள்ள மெதுவா எறங்கும், கிண்ணத்துல மாவு அள்ளுற மாதிரி அவ்ளோ பதவிசா. முட்டை போட்டு முடிச்சு, மூடி, மேல அழுத்தி, எந்த எடம்னு தெரியாம சுத்தி மண்ணக் கலைச்சுவிட்டு, திரும்பக் கடலுக்குப் போக ரெண்டு மணி நேரம் ஆச்சு. கண்ணுலேருந்து தண்ணி வழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, அது உப்ப வெளியேத்துறதுன்னு சார் சொன்னாரு, என் கூடப் படிச்ச பொண்ணு நம்பல, அழுகுதுன்னே சொன்னா. லிட்டில் அந்தமான்ல இந்த ஆமைங்க மேல டேக் மாட்டி சாட்டிலைட்ல பார்த்ததுல சிலது மேற்கு ஆஸ்திரேலியா பக்கமும், சிலது ஆப்பிரிக்கக் கரை மொசாம்பிக் பக்கமும் போயிருக்கு. ஒரு சமுத்திரத்தையே தாண்டிட்டு முட்டை போட இந்தக் கரைக்கு வருது.

2004 டிசம்பர் 26 அன்னிக்கு நான் வேலூர்ல பெரியம்மா வீட்ல, பிளஸ் டூ படிச்சுக்கிட்டு இருந்தேன். ஞாயித்துக்கெழம. டிவியில மெரினா, நாகப்பட்டினம்னு காட்டிக்கிட்டே இருக்காங்க, எங்க தீவு பேர யாரும் சொல்லல. பூகம்பம் வந்ததே எங்க பக்கத்துல, சுமத்ரா கரையில. ஆறு நாள் கழிச்சு ஒரு சேட்டிலைட் போன்லேருந்து அப்பா பேசினாரு. மேட்டுக்கு ஓடித் தப்பிச்சாங்க. தாத்தா, பாட்டி, அம்மா எல்லாரும் இருக்காங்க, நிலம் போச்சு, தென்னை போச்சு, எதுத்த தெருவே போச்சு. அப்பா அழல, ஆனா ஒவ்வொரு பேரா சொல்லிக்கிட்டே இருந்தாரு, சர்தார்ஜி வீடு, மராத்தி வீடு... நான் ரிசீவரப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

2006-ல போனப்போ தாத்தா என்னை இந்திரா பாயிண்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னாரு, ரோடு இல்ல, படகுலதான் போனோம். 1972-ல கட்டின லைட்ஹவுஸ் தண்ணிக்குள்ள நிக்குது. அலை வந்து போனதோட முடியல, பூமியே நாலு மீட்டருக்கு மேல எறங்கிடுச்சு. நான் சின்னப்புள்ளையா ஓடின மணலு இப்போ கடலுக்கு அடியில. அங்க குடியிருந்த லைட்ஹவுஸ் ஸ்டாஃப் குடும்பங்க போயிட்டாங்க. கலாத்தியாவுல ஆமை பீச்சே காணோம். கரையோரத்துக் காடெல்லாம் உப்புத்தண்ணியில செத்து வெள்ளை வெள்ளையா எலும்பு மாதிரி நின்னுச்சு. மெகாபோட் மேடு கட்டுறதே கரையோரத்துலதானே, அத்தனையும் அடிச்சுட்டுப் போயிருந்துச்சு. மேற்குக் கரை, தெக்குக் கரை நிக்கோபாரி கிராமங்க இருந்த தடமே இல்ல. தப்பிச்சவங்கள எல்லாம் கேம்ப்பெல் பே பக்கம் கொண்டு வந்து தகரக் கொட்டகையில வெச்சிருந்தாங்க. அங்கதான் கேப்டன் அங்கிளப் பார்த்தோம். ஆன்ட்டி இல்ல. தாத்தாவும் அவரும் அன்னிக்கும் ஒண்ணும் பேசல.

பீச்சு திரும்பி வந்துச்சு. இத நான் சத்தமா சொல்லணும். கொஞ்ச வருஷத்துல கலாத்தியாவுல மணலு திரும்பச் சேர்ந்துச்சு, ஏழுவரி ஆமை திரும்ப வந்துச்சு, புதுக் கரையில மெகாபோட் புது மேடு கட்டுச்சு, செத்த காட்டு ஓரத்துல கண்டல் செடி மொளைச்சுச்சு. யாரும் நடல.

இப்போ அந்த எடத்துலதான் துறைமுகம் வரப்போகுது. கலாத்தியா விரிகுடா 1997-லேருந்து வனவிலங்கு சரணாலயமா இருந்துச்சு, 2021 ஜனவரியில அந்த அந்தஸ்த எடுத்துட்டாங்க. தீவே 1989-லேருந்து உயிர்க்கோளக் காப்பகம், 2013-ல யுனெஸ்கோ லிஸ்ட்லயும் சேர்ந்துச்சு. 2022 நவம்பர்ல திட்டத்துக்கு சுற்றுச்சூழல் அனுமதி கெடைச்சுது. வருஷத்துக்கு 1.42 கோடி கன்டெய்னர் கையாளுற துறைமுகம், ஏர்போர்ட், பவர் பிளான்ட், டவுன்ஷிப். மொத்தம் 166 சதுர கிலோமீட்டர், அதுல 130 சதுர கிலோமீட்டர் காடு. வெட்டப்போற மரம் சுமார் 9.64 லட்சம்னு கவர்ன்மென்டே பார்லிமென்ட்ல சொல்லிச்சு. பதிலுக்கு மரம் நடுறது ஹரியானாவுல. 2011-ல எங்க தீவோட மொத்த ஜனத்தொகை எட்டாயிரத்துச் சொச்சம், திட்டம் முடியுறப்போ மூணரை லட்சம் வரைக்கும் போகும்ங்கிறாங்க. அந்தத் தீவு இருக்குறது நிலநடுக்க ஆபத்து ரொம்ப அதிகமான மண்டலத்துல.

என் சித்தப்பா பையன் அங்கதான் இருக்கான், அவனுக்கும் எனக்கும் போன்ல இதுக்குப் பெரிய சண்டையே நடந்திருக்கு. "உனக்கென்ன, நீ வேலூர்ல உக்காந்துக்கிட்டு காடு காடுன்னு எழுதுவ. என் பொண்டாட்டிக்கு பிரசவ வலி வந்தப்போ ஹெலிகாப்டருக்கு மழை விடட்டும்னு ரெண்டு நாள் காத்திருந்தோம், அப்போ எங்க போனிச்சு உன் ஆமை"ன்னான். அவன் சொல்றது பொய்யில்ல. 2020-ல கடலுக்கடியில கேபிள் வர்ற வரைக்கும் ஒழுங்கா ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போகாத ஊரு அது. நல்ல ஆஸ்பத்திரி வேணும், நேரத்துக்குக் கப்பல் வேணும், பசங்களுக்கு வேலை வேணும். இது அத்தனையும் நான் ஒத்துக்குறேன். ஆனா எட்டாயிரம் பேருக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்ட 130 சதுர கிலோமீட்டர் காடு எதுக்கு வெட்டணும்? அவன்கிட்டயும் கேட்டேன், அவன் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "எப்படியும் ஏதாச்சும் வரட்டும்டா"ன்னான். அவன் மேல எனக்குக் கோவம் வரல. எங்க தாத்தாவும் இதே வார்த்தையத்தான் மனசுல வெச்சுக்கிட்டு கப்பல் ஏறியிருப்பாரு.

மரத்த ஹரியானாவுல நடலாம்ங்கிறத மட்டும் என்னால தாங்கவே முடியல. மழைக்காடுங்கிறது எண்ணி வெச்ச மரம் இல்லீங்க. அந்த மேட்டுக்குள்ள கை விட்டுப் பார்த்தவங்களுக்குத் தெரியும், இலை விழணும், அதே ஈரத்துல மக்கணும், அதே கரை மணலோட சேரணும், அப்பதான் அந்தச் சூடு. லாரியில ஏத்தி எடம் மாத்துற சமாச்சாரமா அது?

போன தடவ போனப்போ கேப்டன் அங்கிள ராஜீவ் நகர்ல போய்ப் பார்த்தேன். சுனாமி முடிஞ்சு ஒரு தலைமுறையே வளர்ந்தாச்சு, அவங்க இன்னும் சொந்தக் கரைக்குத் திரும்பல. திரும்பணும்னு அவங்க கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. திட்டத்துக்குத் தங்களோட நிலமும் போகுதுன்னு தெரிஞ்சதும், குடுத்த சம்மதத்த நிக்கோபாரி ஜனங்களோட ட்ரைபல் கவுன்சில் 2022 நவம்பர்ல திரும்ப வாங்கிடுச்சு. அங்கிளுக்கு இப்போ கண்ணு சரியாத் தெரியல. வாசல்ல தகர டப்பாவுல தாழங்கன்னு ரெண்டு வெச்சிருந்தாரு, அவங்க ஊர்லேருந்து பேரன் எடுத்துட்டு வந்ததாம். தாத்தா செத்துப்போனத சொன்னேன். தலைய ஆட்டினாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "உங்க தாத்தாவுக்கு அந்த நிலத்த யாரு குடுத்தாங்க?"ன்னாரு. கவர்ன்மென்ட்னேன். "எங்கள வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாங்களே குடுத்திருப்போம். அவரு நல்ல ஆளு." அவ்ளோதான். கோவமா சொல்லல. எனக்குத்தான் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

கெளம்பும்போது உனக்கு என்ன வேணும் அங்கிள், அடுத்த தடவ மெயின்லேண்டுலேருந்து என்ன கொண்டு வரட்டும்னு கேட்டேன். மாத்திரை, போர்வை, ரேடியோன்னு ஏதாச்சும் சொல்லுவாருன்னு நெனைச்சேன். கைய நீட்டி நீளம் காட்டினாரு. "இவ்ளோ நீளத்துக்கு கொடுவாள் ரெண்டு. கடையில விக்கிற தகரம் வேணாம், நல்ல இரும்பு. ஊருக்குப் போற பாதை முழுக்க காடா மூடிடுச்சு, பசங்க வெட்டணும்."

ஊருக்கு வந்து தெரிஞ்ச கொல்லர் ஒருத்தரோட பட்டறையில லாரி பட்டைய அடிச்சு ரெண்டு செஞ்சு வாங்கினேன். பிடி புளியங்கட்டை. தேங்காயெண்ணெய் தடவி சாக்குல சுத்தி பீரோ மேல வெச்சிருக்கேன். பிளைட்ல விட மாட்டாங்க, கப்பல்லதான் போகணும். ஜனவரி ஷெட்யூல் வந்ததும் டிக்கெட் போடணும்.